கேள்வி பதில்: வெளிநாட்டுக்காரங்கன்னா தனி ரேட்டா?

போன இதழ்ல ஒரு வாசகர் "டூரிஸ்ட்டுங்ககிட்ட அதிகமா காசு பிடுங்குறது நாட்டோட பேர கெடுக்குமா?"ன்னு கேட்டிருந்தார், நாலு வரில கெடுக்கும்னு பதில் சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள பாத்தா நாலு வரில முடிக்கற விஷயம் இல்லன்னு தெரியுது. சண்டை போட்டவங்க, சப்போர்ட் பண்ணவங்க, அழாத குறையா எழுதினவங்க எல்லாரும் இருக்காங்க. இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: அவங்க சம்பாதிக்கிறது டாலர்லயும் யூரோலயும். எனக்குப் பெரிய தொகையா தெரியறது அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் கூட வாங்கினா என்ன சார் தப்பு?
– கடை வச்சிருக்கும் வாசகர்

இத நிறைய பேர் மனசார நம்புறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையாவே சொல்றேன். முதல்ல, வர்றவங்க எல்லாரும் பணக்காரங்க இல்ல. வருஷக்கணக்கா சேத்து வச்சு வாழ்க்கைல ஒரு தடவை கிளம்பி வர்றவங்க இருக்காங்க, மாணவங்க இருக்காங்க, ரிட்டயர்டு ஆகி பென்ஷன்ல கணக்கு போட்டு வர்றவங்க இருக்காங்க.

2018 ஜனவரில இத்தாலியோட வெனிஸ் நகரத்துல நடந்தத எடுத்துக்குங்க. ஜப்பான்ல இருந்து வந்த மாணவங்க நாலு பேர், செயின்ட் மார்க் சதுக்கம் பக்கத்துல ஒரு ரெஸ்டாரன்ட்ல சாப்பிட உக்காந்தாங்க. நாலு ஸ்டீக், ஒரு பிளேட் பொரிச்ச மீன், தண்ணி, அவ்வளவுதான். பில் 1,100 யூரோவுக்கு மேல. அந்த எடத்துல சண்டை போட தைரியம் இல்லாம காச கட்டிட்டு, அவங்க தங்கியிருந்த போலோன்யாங்கற இன்னொரு இத்தாலி நகரத்துக்குத் திரும்பிப் போய் போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் விஷயம் உலகம் பூரா பேப்பர்ல வந்துச்சு, நகர மேயரே வாயத் திறந்து பதில் சொல்ல வேண்டியதாச்சு, அதிகாரிங்க போய் சோதனை போட்டு அபராதம் விதிச்சாங்க. இதுல நான் உங்கள கவனிக்கச் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான்: அந்தச் செய்திய படிச்ச லட்சக்கணக்கான பேர்ல எத்தன பேருக்கு அந்த ரெஸ்டாரன்ட் பேரு ஞாபகம் இருக்கும்? வெனிஸ்ங்கற பேரு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

அதான் விஷயமே. ஊருக்குத் திரும்பிப் போற டூரிஸ்ட் "அந்தத் தெருவுல மூணாவது கடைக்காரர் ஏமாத்திட்டார்"னு சொல்ல மாட்டார், உங்க பேரு அவருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கேக்கறவங்களுக்கு அது தேவையில்ல. "அந்த நாட்டுல ஏமாத்துவாங்க, ஜாக்கிரத"ன்னு தான் சொல்வார். கூட வாங்கின காசு உங்க கல்லாப் பெட்டிக்குப் போச்சு, அதுக்கான விலைய உங்க பக்கத்துக் கடைக்காரர், எதிர்த்தாப்ல லாட்ஜ் வச்சிருக்கறவர், இன்னும் டூரிஸ்ட்டையே பாக்காத வேற ஊர்க்காரர் எல்லாரும் சேந்து கட்டுறாங்க. அவங்ககிட்ட நீங்க கேட்டுட்டா வாங்குனீங்க?

கேள்வி: நான் நியாயமான ரேட் தான் சொல்றேன் சார். ஆனா வெளிநாட்டுக்காரங்க நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே பாதி ரேட்டுக்குக் கேக்கறாங்க, இல்லனா ஃபோன காட்டி "ஆப்ல கார் வருது"ன்னு தாண்டிப் போயிடறாங்க. என் முகத்த கூட பாக்கறதில்ல. நான் என்ன தப்பு பண்ணேன்?
– டாக்ஸி ஓட்டும் வாசகர்

வந்த கடிதங்கள்லயே என்னைய ரொம்ப நேரம் யோசிக்க வச்சது உங்களோடது தான். நீங்க ஒரு தப்பும் பண்ணல. நீங்க கட்டிட்டிருக்கறது மத்தவங்க வாங்கின கடன்.

1970ல ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பழைய கார் விக்கற சந்தைய வச்சு ஒரு கட்டுரை எழுதினார், பின்னாடி 2001ல நோபல் பரிசு வாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். அவர் சொன்னது இதான்: எந்த கார் நல்லது எந்த கார் ஓட்டைன்னு வாங்க வர்றவனுக்குத் தெரியாதப்ப, எல்லாக் காருக்கும் சேத்து ஒரு சந்தேக ரேட் தான் அவன் கொடுப்பான், அந்த ரேட்டு நல்ல கார் வச்சிருக்கறவனுக்குக் கட்டாது, அவன் சந்தைய விட்டே போயிடுவான், கடைசில ஓட்டைக் கார் மட்டும் நிக்கும். உங்க ஸ்டாண்ட்ல நடக்கறது அப்படியே இதான். யாரு நியாயமானவர்னு டூரிஸ்ட்டுக்குத் தெரியாது, அதனால எல்லாரும் ரெண்டு மடங்கு சொல்றாங்கன்னு முடிவு பண்ணி பாதில ஆரம்பிக்கறார். ரெண்டு மடங்கு சொன்னவருக்கு அதுல நஷ்டமே இல்ல. உள்ளத சொன்ன உங்களுக்குத் தான் டீசல் காசு கூட தேறாது. கொஞ்ச நாள்ல நீங்களும் ரேட்ட ஏத்திச் சொல்ல ஆரம்பிப்பீங்க, இல்லனா தொழில விடுவீங்க, ரெண்டுமே கஷ்டமா இருக்கு எனக்கு.

ஆப் விஷயமும் இதோட சேந்தது தான். சந்தேகம் வந்த டூரிஸ்ட் வராமப் போறது ஒரு பக்கம், வந்தும் தெருவுல கால் வைக்காம இருக்கறது இன்னொரு பக்கம், இந்த ரெண்டாவத யாரும் பேசறதில்ல. ஆப்ல கார், எல்லாம் அடங்கின பேக்கேஜ், பெரிய ஹோட்டலுக்குள்ளயே மூணு வேள சாப்பாடுன்னு அவர் தன்னைய காப்பாத்திக்கறார். அப்ப காசு நாட்டுக்குள்ள வந்த மாதிரி கணக்குல தெரியும், ஆனா சின்னக் கடைக்கும் உங்க வண்டிக்கும் வராது, அதுல ஒரு பங்கு கமிஷனா வெளிநாட்டுல தலைமை ஆபீஸ் வச்சிருக்கற கம்பெனிக்கே திரும்பிப் போகும்.

தனியாளா உங்களால முடியறது கம்மி தான். ஸ்டாண்ட் முழுக்க சேந்து முக்கியமான பத்து எடத்துக்கு ரேட் போட்டு, பெரிய எழுத்துல, வெளிநாட்டுக்காரங்களுக்கும் புரியற மொழில ஒரு போர்டு வைங்க, எல்லா வண்டிக்குள்ளயும் அதோட காப்பி ஒட்டுங்க, மீறினவர சங்கமே ரெண்டு வாரம் ஸ்டாண்ட்ல நிறுத்த விடாதீங்க. தென்கொரியாவுல சியோல் நகரத்து குவாங்ஜாங் மார்க்கெட்ல 2023 கடைசில இப்படித்தான் பண்ணாங்க. ஒரு கடைல 15,000 வோனுக்கு துளியூண்டு பலகாரம் வச்சு வெளிநாட்டுக்காரங்கள இன்னும் வாங்கு இன்னும் வாங்குன்னு நெருக்குன வீடியோ பரவினதும், வியாபாரிங்க சங்கமே அந்தக் கடைய கொஞ்ச நாள் மூட வச்சுது. நகர நிர்வாகமும் விலையோட எவ்வளவு எடைன்னும் எழுதணும், டூரிஸ்ட் மாதிரி ஆள அனுப்பி சோதிப்போம்னு அறிவிச்சுது. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்களுக்குத் தெரியும், அந்த ஒரு பிளேட் மொத்த மார்க்கெட்டையும் சாப்பிட்டுடும்னு.

கேள்வி: முகத்த பாத்து ஏமாத்தறாங்களா, இல்ல விவரம் தெரியாதவங்க யாரா இருந்தாலும் ஏமாத்துவாங்களா?
– கல்லூரி மாணவி

நல்ல கேள்விம்மா, இத சோதிச்சே பாத்திருக்காங்க. ஆஸ்திரியால இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஏதென்ஸ்ல 348 டாக்ஸி பயணம் பண்ணிப் பாத்து 2013ல முடிவ வெளியிட்டாங்க. ஒரே வழி, கிட்டத்தட்ட ஒரே நேரம், மூணு விதமான பயணி: ஒருத்தர் உள்ளூர்க்காரர் மாதிரி கிரேக்க மொழில போற எடத்த மட்டும் சொல்வார், இன்னொருத்தர் கிரேக்கத்துலயே "நான் இந்த ஊரு இல்ல"ன்னு சேத்துச் சொல்வார், மூணாமத்தவர் அதையே இங்கிலீஷ்ல சொல்வார். வழி தெரியாதுன்னு காட்டிக்கிட்ட ரெண்டு பேரையும் சுத்தி சுத்தி கூட்டிட்டுப் போனாங்க, சொந்த நாட்டுக்காரர்னு விட்டு வைக்கல. ஆனா இல்லாத சார்ஜ் எல்லாம் பில்லுல ஏத்தறது வெளிநாட்டுக்காரர் மாதிரி பேசினவருக்குத் தான் அதிகமா நடந்துச்சு, ஏன்னா கட்டண விதி அவருக்குத் தெரியாதுன்னு டிரைவருக்குத் தெரியும்.

அதனால "வெளிநாட்டுக்காரங்கள வெறுக்கறாங்க"ன்னு சொல்றத விட, தெரியாதவன பாத்து எடுக்கறாங்கன்னு சொல்றது தான் சரி. மருந்தும் அங்கயே இருக்கு. பாரிஸ்ல 2016 மார்ச்ல இருந்து சார்ல் டி கோல் ஏர்போர்ட்டுக்கும் நகரத்துக்கும் டாக்ஸிக்கு நிலையான கட்டணம் வச்சாங்க, ஆரம்பத்துல சீன் ஆத்துக்கு வலது கரைக்கு 50 யூரோ, இடது கரைக்கு 55. இப்ப கொஞ்சம் ஏறியிருக்கு. சுத்திக் கூட்டிட்டுப் போனா டிரைவருக்குத் தான் பெட்ரோல் நஷ்டம். ஒரு தொகைய தெரிஞ்சு வச்சிட்டா வந்து இறங்கறவரும் உள்ளூர்க்காரரும் ஒண்ணு தான்.

கேள்வி: அரசாங்கமே நினைவுச் சின்னங்களுக்கு வெளிநாட்டுக்காரங்ககிட்ட பல மடங்கு டிக்கெட் வாங்குதே, அத யாரும் கொள்ளைன்னு சொல்றதில்லயே? ஏழை வாங்கினா திருட்டு, சர்க்கார் வாங்கினா கொள்கையா?
– கோபமான ஒரு வாசகர்

உங்க கோபத்துல பாதி நியாயம் இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் சொல்றேன். தாஜ்மஹால்ல இந்தியருக்கு 50 ரூபாய், பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 1,100, உள்ள கல்லறை மண்டபத்துக்கு எல்லாருக்கும் தனியா 200. கம்போடியாவுல அங்கோர் கோயில்களுக்கு உள்நாட்டுக்காரங்களுக்கு இலவசம், வெளிநாட்டவருக்கு ஒரு நாள் டிக்கெட் 2017ல இருந்து 37 டாலர். இத நான் ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். விலை கவுண்டர்ல எழுதியிருக்கு, வீட்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே இணையத்துல பாத்துக்கலாம், கவுண்டர்ல ஆள பாத்து விலைய மாத்தறதில்ல, ரசீது கொடுக்கறாங்க, உள்நாட்டுக்காரங்க ஏற்கனவே வரிய கட்டி அந்த எடத்த பராமரிக்கறாங்க. பிடிக்கலன்னா உள்ள போகாம திரும்பற உரிமை டூரிஸ்ட்டுக்கு இருக்கு. சாப்பிட்டு முடிச்சப்புறம் விலை தெரியறவருக்கு அந்த உரிமை இல்ல. எனக்கு இதான் கோடு.

மீதி பாதிக்கு வர்றேன். டிக்கெட் கவுண்டர்ல இருபது மடங்கு வித்தியாசம் இருந்தா வாசல்ல கடை போட்டிருக்கறவர் "சர்க்காரே இருபது மடங்கு வாங்குது, நான் ரெண்டு மடங்கு தான் வாங்கறேன்"னு நெனைப்பார், அத தடுக்க முடியாது. ஜப்பான்ல ஹிமேஜி கோட்டைக்கு வெளிநாட்டவருக்கு மட்டும் விலைய ஏத்தலாம்னு 2024ல அந்த நகரத்து மேயர் பேசினப்ப பெரிய விவாதம் ஆச்சு. கடைசில பாஸ்போர்ட்ட பாக்காம குடியிருப்ப பாத்துப் பிரிச்சாங்க: 2026 மார்ச்ல இருந்து ஹிமேஜில குடியிருக்கறவருக்கு 1,000 யென், வெளியூர்ல இருந்து வர்ற யாரா இருந்தாலும், ஜப்பான்காரரா இருந்தாலும், 2,500 யென். அந்த ஊர்லயே வேல பாத்து வரி கட்டற வெளிநாட்டுக்காரரும் உள்ளூர்க்காரர் தான். எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிச்சிருக்கு, யாரையும் முகத்த பாத்துப் பிரிக்கறதில்ல.

கேள்வி: அப்பா அம்மா பிறந்த நாட்டுக்கு முதல் தடவையா குழந்தைகளோட போனேன். மொழி பேசத் தெரியும், ஆனா என் உச்சரிப்ப கேட்டதும் ரேட் மாறிடுச்சு. ஒரு கடைல எனக்கு முன்னாடி நின்ன அம்மாவுக்கு ஒரு விலை, அதே பொருளுக்கு எனக்கு வேற விலை. என் பையன் "நாம இந்த ஊருக்காரங்க தானம்மா?"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியல.
– வெளிநாட்டில் வளர்ந்த வாசகி

உங்களுக்கு ஏற்பட்டது சாதா டூரிஸ்ட்டுக்கு ஏற்பட்டத விட வலி அதிகம், ஏன்னா அவர் இழக்கறது காசு, நீங்க உறவுன்னு நெனச்சு வந்த எடத்துல அந்நியரா நிறுத்தப்பட்டீங்க. அந்த நாட்டுக்கும் இது பெரிய நஷ்டம். வேற எந்த டூரிஸ்ட்டும் ஒரு தடவை பாத்துட்டு அடுத்த நாட்டுக்குப் போயிடுவார், உங்கள மாதிரி ஆளுங்க தான் திரும்பத் திரும்ப வருவாங்க, பிள்ளைங்கள கூட்டிட்டு வருவாங்க, நண்பர்களுக்குச் சொல்வாங்க, கஷ்ட காலத்துல காசு அனுப்புவாங்க. பையன்கிட்ட உண்மைய சொல்லுங்க, இந்த ஊர் நம்மளோடது தான், அந்தக் கடைக்காரர் பண்ணது தப்புன்னு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம்னு பிள்ளைங்களுக்குப் புரியும். அடுத்த தடவை அந்தக் கடைய விட்டுட்டு விலை ஒட்டியிருக்கற கடைக்குப் போங்க, போறத நிறுத்திடாதீங்க.

கேள்வி: கைடு, டிரைவர் எல்லாம் டூரிஸ்ட்ட ஏன் அந்தக் குறிப்பிட்ட கடைக்கே கூட்டிட்டுப் போறாங்க?
– புதுசா கைடு வேலைக்குச் சேர்ந்தவர்

கமிஷன், தம்பி. டூரிஸ்ட் வாங்கற பொருளோட விலைல ஒரு பங்கு கூட்டிட்டு வந்தவருக்குப் போகும், அத கடைக்காரர் தன் லாபத்துல இருந்து கொடுக்கறதில்ல, விலைல ஏத்தி டூரிஸ்ட் தலைல கட்டறார். இது பெரிய அளவுல போனா செலவுக்கும் கீழ ரேட்டுக்கு டூர் வித்துட்டு, வந்தவங்கள கடை கடையா இழுத்து கமிஷன்ல லாபம் பாக்கறாங்க. சீனா 2013 அக்டோபர்ல கொண்டு வந்த சுற்றுலாச் சட்டத்துல இந்த மாதிரி கட்டாய ஷாப்பிங்க தடை பண்ணுச்சு, தாய்லாந்து 2016ல "ஜீரோ டாலர் டூர்" நடத்தற கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுத்துச்சு. உங்களுக்கு நிலையான சம்பளம் இல்லாம கமிஷன்லயே வாழச் சொல்ற கம்பெனின்னா, தப்பு உங்ககிட்ட ஆரம்பிக்கல. ஆனா விலை அநியாயம்னு உங்களுக்கே தெரிஞ்ச கடைக்குள்ள கூட்டிட்டுப் போகாதீங்க. உங்கள நம்பி வந்தவர் அவர்.

கேள்வி: ஒரு வீடியோ வைரல் ஆனதும் போலீஸ் ஓடிப் போய் அந்தக் கடைக்காரர பிடிக்குது. இது தான் தீர்வா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

இல்லைங்க ஐயா. வீடியோ எடுத்தவருக்கு மட்டும் நியாயம் கிடைக்குதுன்னா, ஃபோன தூக்காம அழுதுட்டே காச கட்டிட்டுப் போனவங்களுக்கு என்ன? அதோட மாட்டறவர் பெரும்பாலும் தள்ளுவண்டிக்காரர் தான், அவர் முகம் உலகம் பூரா சுத்தும், கண்ணாடி ஷோரூம்ல உக்காந்து கமிஷன் பிரிக்கறவர் முகத்த யாரும் எடுக்கறதில்ல. தண்டனை வேணும், ஆனா முறையா, சின்னவர் பெரியவர்னு பாக்காம, வீடியோ இருந்தாலும் இல்லனாலும்.

கேள்வி: சுற்றுலா விளம்பரத்துக்குக் கொட்டற காசு வீணா? எந்த நாடாவது உருப்படியா எதாவது பண்ணியிருக்கா?
– பத்திரிகைத் துறை மாணவர்

விளம்பரம் வீணாப் போறத கண்ணால பாக்கணும்னா 2015 அக்டோபர் விடுமுறைல சீனாவோட சிங்தாவ் நகரத்துல நடந்தத படிங்க. ஒருத்தர் ரெஸ்டாரன்ட்ல இறால் எவ்வளவுன்னு கேட்டார், மெனுல 38 யுவான். பிளேட்டுக்கான்னு கேட்டு ஆமான்னு பதில் வாங்கிட்டுத் தான் சாப்பிட்டார். பில் வரப்ப ஒரு இறாலுக்கு 38 யுவான்னு கணக்குப் போட்டிருந்தாங்க, 40 இறாலுக்கு 1,520. போலீஸ கூப்பிட்டா இது விலைத் தகராறு எங்க வேல இல்லன்னாங்க, விலைய கவனிக்கற ஆபீஸ்ல லீவு முடிஞ்சு பாக்கலாம்னாங்க. அந்த மாகாணம் ஷான்டோங், "விருந்தோம்பும் ஷான்டோங்"னு வருஷக்கணக்கா டிவில விளம்பரம் பண்ணிட்டிருந்த எடம். ஒரே ராத்திரில நாடு முழுக்க அந்த விளம்பரத்தயும் இறாலையும் சேத்து வச்சுப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. ரெஸ்டாரன்ட்டுக்கு 90,000 யுவான் அபராதம் போட்டாங்க, ஆனா போன பேரு அதுல திரும்பி வரல. இதுல ஏமாந்தவர் வெளிநாட்டுக்காரர் கூட இல்ல, சொந்த நாட்டு டூரிஸ்ட். எனக்கு இதுல கடைக்காரர விட அந்த ரெண்டு ஆபீஸ் மேல தான் கோபம். அந்த ராத்திரியே யாராவது ஒரு அதிகாரி வந்து பில்ல திருத்திக் கொடுத்திருந்தா, ஊருக்குப் போய் அவர் சொல்ற கதையே வேற.

உருப்படியா பண்ணவங்களும் இருக்காங்க. செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல டாக்ஸிக்காரங்க மேல புகார் குவிஞ்சப்ப, 2005ல மேயர் பாவெல் பெம் ஒட்டு மீசை வச்சு இத்தாலி டூரிஸ்ட் வேஷத்துல தானே டாக்ஸில ஏறினார், நெசமாவே பல மடங்கு கட்டணம் வாங்கிட்டாங்க. அதே நகரத்துல காசு மாத்தற கடைங்க "கமிஷன் இல்ல"ன்னு பெருசா போட்டுட்டு மோசமான ரேட் கொடுக்கறது ரொம்ப நாள் தலவலி. 2019 ஏப்ரல்ல இருந்து செக் நாட்டுச் சட்டப்படி, 1,000 யூரோ வரைக்கும் மாத்தினவர் மூணு மணி நேரத்துக்குள்ள திரும்பி வந்து "வேணாம், என் காச கொடு"ன்னு கேக்கலாம். அந்தச் சட்டத்தோட அழகு அந்த மூணு மணி நேரம் தான், டூரிஸ்ட்டுக்குக் கோர்ட்டு கேஸுன்னு அலைய நேரம் கிடையாது, நாளைக்கு ஃபிளைட்ல போயிடுவார், அது தெரிஞ்சு எழுதியிருக்காங்க.

கேள்வி: அடுத்த மாசம் முதல் வெளிநாட்டுப் பயணம். ஏமாறாம இருக்க சுருக்கமா சொல்லுங்க.
– ஒரு வாசகி

விலைய கேக்கறப்ப எதுக்கு விலைன்னும் கேளுங்க, பிளேட்டுக்கா, எடைக்கா, ஆளுக்கா, வண்டிக்கான்னு. மெனுவ ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. கார்டு மெஷின் "உங்க ஊர்க் காசுல கட்டறீங்களா?"ன்னு கேட்டா வேணாம்னு சொல்லி அந்த நாட்டுக் காசுலயே கட்டுங்க, அந்த மாத்து ரேட்டு பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம் தான். ஏர்போர்ட்ல இருந்து நகரத்துக்கு என்ன ரேட்டுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க. டூரிஸ்ட் போலீஸ் நம்பர் இருக்கற நாடுன்னா, தாய்லாந்துல 1155 மாதிரி, ஃபோன்ல சேத்து வச்சுக்குங்க. யாராவது நியாயமா நடந்துக்கிட்டா அவங்க கடை பேரு, எடம் எல்லாம் போட்டு நாலு வரி நல்லதா எழுதிட்டு வாங்க, மேல கடிதம் எழுதின டாக்ஸி டிரைவர் மாதிரி ஆளுங்களுக்கு அது தான் அடுத்த சவாரி.